மாதம் 20 சதவீதம் என்றால் எத்தனை வீடு?

கணக்குப் பார்ப்பது என் தொழில். அதனால் புதிதாகத் தொழில் தொடங்கும் பிள்ளைகள் தங்கள் எக்செல் தாளை எனக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்பார்கள். நான் முதலில் பார்ப்பது 36-ஆம் மாதத்தை.

அண்மையில் கோவையிலிருந்து ஒரு திட்டம் வந்தது. மாதச் சந்தாவில் இட்லி மாவை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். இப்போது 1,000 வீடுகள். மாதம் 20 சதவீத வளர்ச்சி என்று போட்டிருந்தார்கள். கேட்பதற்கு அடக்கமான எண்தான். பெருக்கிப் பார்த்தால் ஓராண்டில் சுமார் 8,900 வீடு, இரண்டாண்டில் 79,000, மூன்றாம் ஆண்டு முடிவில் 7 லட்சம். 2011 கணக்கெடுப்பில் கோவையும் அதை ஒட்டிய பகுதிகளும் சேர்ந்தே 21 லட்சம் பேர் சொச்சம். வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் ஐந்து லட்சத்துச் சொச்சம் வீடுகள். அப்புறம் ஊர் வளர்ந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. மாவை வீட்டிலேயே ஆட்டிக்கொள்கிறவர்கள் எத்தனை பேர் என்பதையும் கழிக்க வேண்டும்.

இது சுலபமான சோதனை. இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: வளர வளர எந்தச் செலவு குறையும், ஏன் குறையும்?

இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் உதாரணம் அமெரிக்காவின் மூவிபாஸ். 2017 ஆகஸ்டில் மாதம் 9.95 டாலர் கட்டினால் தினம் ஒரு படம் பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். அந்த ஆண்டு அங்கே ஒரு டிக்கெட்டின் சராசரி விலை 8.97 டாலர். தியேட்டர் வாசலில் நின்று செயலியில் படத்தைத் தேர்ந்தெடுத்தால், டிக்கெட் காசு சந்தாதாரரின் சிவப்பு அட்டையில் ஏறும். கவுன்டரில் தேய்த்து டிக்கெட் வாங்குவார்கள். தியேட்டருக்குப் போவது முழு விலை. மாதத்தில் இரண்டாவது படம் பார்த்தாலே கம்பெனிக்குக் கைநட்டம். ஓராண்டுக்குள் 30 லட்சம் சந்தாதாரர்கள் சேர்ந்தார்கள். ஆள் கூடியதால் டிக்கெட் விலை ஒரு சென்ட்கூடக் குறையவில்லை. 2018 ஜூலையில் கையிருப்பு தீர்ந்து சேவையே நின்றது; 50 லட்சம் டாலர் அவசரக் கடன் வாங்கித் திரும்ப ஓட்டினார்கள். 2019 செப்டம்பரில் மூடிவிட்டார்கள்.

கூட்டம் சேர்ந்துவிட்டால் தியேட்டர்கள் பேரத்துக்கு வரும் என்று நம்பினார்கள். பெரிய தியேட்டர் நிறுவனமான ஏஎம்சி ஆரம்பத்திலேயே இது நிலைக்காது என்று சொல்லிவிட்டு, 2018 ஜூனில் மாதம் 19.95 டாலருக்கு வாரம் மூன்று படம் என்று சொந்தமாகவே சந்தா தொடங்கியது. அவர்களுக்கு அது கட்டுப்படியாகும். எப்படியும் காலியாகக் கிடக்கும் இருக்கையைத்தான் நிரப்புகிறார்கள். பாப்கார்ன் காசும் அவர்கள் கல்லாவுக்கே போகிறது. ஏறக்குறைய அதே யோசனைதான். செலவு யார் கையில் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

சரி, மாவுக்கு வருவோம். அரிசி, உளுந்து, பாக்கெட் எல்லாம் மொத்தமாக வாங்கினால் விலை குறையும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாளில் ஒரு வீட்டுக்கு டெலிவரி செலவு 14 ரூபாயில் தொடங்கி 18-ஆம் மாதத்தில் 6 ரூபாய் ஆகியிருந்தது. காரணம் எங்கும் இல்லை. வண்டியில் போகிற பையனுக்கு ஊர் முழுக்க வாடிக்கையாளர் இருந்து லாபமில்லை. ஒரே தெருவில் பத்து வீடு இருந்தால்தான் செலவு குறையும். சூலூரில் நான்கு வீடு, வடவள்ளியில் ஆறு வீடு என்று பரவினால் பெட்ரோல்தான் ஏறும்.

போனில் துருவிக் கேட்டபோது திட்டத்தை அனுப்பிய பெண் ஒரு விஷயம் சொன்னார். சரவணம்பட்டியில் ஒரே அடுக்குமாடி வளாகத்தில் 60 வீடுகள் வாங்குகின்றனவாம். அங்கே டெலிவரி வீட்டுக்கு 4 ரூபாய்தான் ஆகிறதாம். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. திட்டத்தில் இருக்க வேண்டிய ஒரே எண் அதுதான், அதை எழுதாமல் விட்டிருக்கிறார்கள்! கோவை முழுவதையும் தூக்கி வைத்துவிட்டு அந்த வளாகத்தை மட்டும் தனித் தாளில் போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மே மாத விடுமுறைக்கு ஊருக்குப் போன குடும்பங்களில் எத்தனை பேர் ஜூனில் திரும்பச் சந்தா கட்டினார்கள் என்பதையும் சேர்த்து.