ஆடி மாசக் குறிப்பு

ஜூலை 27
பாத்ரூம் கழுவறப்ப குளோரின் வாயு நெடி ஏறி ஆஸ்பத்திரில அம்மாவுக்கு ஆக்சிஜன் வச்சிருக்காங்க. எக்ஸ்ரே நல்லா இருக்காம். அப்புறம் எதுக்கு வீட்டுக்கு விட மாட்டேங்கறாங்க?

ஜூலை 28
இப்பதான் டாக்டர் பொறுமையா சொன்னாரு. குளோரின் உள்ள போனா நுரையீரல் ஈரத்துல பட்டு ஆசிட்டாவே மாறிடுமாம், நீர் கோக்கறது உடனே தெரியாது, பல மணி நேரம் கழிச்சும் வரலாமாம், அதான் முதல் எக்ஸ்ரேவ நம்பி அனுப்ப மாட்டாங்க. முறிக்கறதுக்குன்னு தனி மருந்து கிடையாது. ஆக்சிஜன், நெபுலைசர், பாத்துட்டே இருக்கணும், அவ்வளவுதான். ராத்திரி பூரா விரல்ல மாட்டின, ஆக்சிஜன் அளவு காட்டற கிளிப்பையே பாத்துட்டு இருந்தேன். 93. 94. திரும்ப 93. அம்மா தூக்கத்துல "பாத்ரூம் இன்னும் அலசி விடல கண்ணு"ங்குது.

ஜூலை 29
அந்த சைக்கிள் ஆசிட்காரர். பழைய தண்ணி பாட்டில்ல ஊத்தித் தர்றாரு, லேபிளே கிடையாது. பண்டிகைக்கு அத்தை வீட்ல இருந்து வர்றாங்கன்னு அம்மா பாசி போக பிளீச்சிங் பவுடர் தூவி ஊற வச்சு, அது மேலயே ஆசிட்ட ஊத்தியிருக்கு. ரெண்டும் சேந்துதான் குளோரின். ஜன்னல் சாத்தி. குளோரின் காத்த விட ரெண்டரை மடங்கு கனமாம், கீழயே தங்குமாம், அம்மா குத்த வச்சு தேய்ச்சிட்டு இருந்திருக்கு. 1915ல பெல்ஜியத்துல பதுங்குகுழி மேல ஜெர்மன்காரங்க விட்டதும் இதே வாயுதானாம், தம்பி போன்ல படிச்சுக் காட்டறான். போடா அந்தப் பக்கம்.

ஜூலை 30
96! வீட்டுக்கு வந்தாச்சு.

ஜூலை 31
இப்ப அம்மா கை. அன்னைக்கு சோப்பு போட்ட மாதிரி வழவழன்னுதான் இருந்துச்சாம். அது சோப்பு இல்ல, பிளீச்சிங் காரம் தோலையே கரைக்கறதாம். விரலெல்லாம் வெடிச்சு, முன்கைல கொப்புளம். ஓடற தண்ணில 15, 20 நிமிஷம் காட்டியிருக்கணும், வேற எதையும் ஊத்தக்கூடாதுன்னாரு டாக்டர். பக்கத்து வீட்டக்கா எலுமிச்சம்பழத்தோட வர்றாங்க, காரத்த புளிப்பால முறிக்கணுமாம். பிளீச்சிங்ல புளிப்பு சேந்துதான்கா ஆஸ்பத்திரியே போனோம்.

ஆகஸ்ட் 2
இருமல். ஆசிட்காரர் தெருவுல கத்திட்டுப் போனாரு, நான் வெளிய போறதுக்குள்ள ஆளக் காணோம்.

ஆகஸ்ட் 5
மிளகா தாளிச்ச நெடி, அவ்வளவுதான், விசில் அடிக்கற மாதிரி இழுக்குது. இதுக்கு முன்னாடி வீசிங்னா என்னன்னே தெரியாத ஆளு. ஒரே தடவை பலமா நெடி ஏறினாலே ஆஸ்துமா மாதிரி வந்து மாசக்கணக்கா நிக்கலாமாம், 3 மாசம் தாண்டியும் போகலன்னா அதுக்கு தனிப் பேரே இருக்காம். இன்ஹேலர் எழுதிக் குடுத்துட்டாங்க. சாம்பிராணி, பத்தி, கொசுவத்தி எல்லாத்தையும் தூக்கி வெளிய வச்சிட்டேன். அம்மா என்னடான்னா கோட்டை மாரியம்மனுக்கு பொங்கல் வைக்கணுங்குது. அந்தப் பொகையிலயா? "ஆத்தா பாத்துக்குவா." நான் பேசல.

ஆகஸ்ட் 7
தம்பி ஏற்காடு கூட்டிட்டுப் போலாங்கறான். நல்ல காத்தாம். குளிர் காத்து பட்டாலே இழுக்கும்னு டாக்டர் சொன்னப்ப இவனும்தான் பக்கத்துல நின்னான். 20 கொண்டை ஊசி வளைவு, வாந்தி வேற. கார் சொல்லிட்டானாம். அம்மா ஸ்வெட்டர் தேடுது.