ஆழச் சுழியோடலில் வாயுக் கணக்கு: பயிற்சிக்கும் பரீட்சைக்கும் தயாராவோருக்கு

ஆழச் சுழியோடல் பயிற்சிக்கு வருபவர்களிடம் எவ்வளவு வளியை மீதம் வைக்க வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: 50 பார் (பார் என்பது அமுக்கத்தின் அலகு). தொடக்கநிலைப் பயிற்சியில் மனத்தில் பதிந்த எண் அது. ஆனால், அது படகில் ஏறும்போது சிலிண்டரில் இருக்க வேண்டிய அளவே அன்றி, 30 மீற்றர் ஆழத்தில் அமுக்கமானி எந்த எண்ணைக் காட்டும்போது மேலேறத் தொடங்க வேண்டும் என்பதற்கான விடை அல்ல. இந்த இரண்டாவது கேள்விக்கு ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒவ்வொரு விடை உண்டு. அதைத் தாமே கணக்கிடத் தெரிந்த பிறகுதான் ஒருவர் ஆழத்துக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கிழக்குக் கரையில் பயிற்சி பெற்று, பின்னர் வழிகாட்டி நிலைக்கான எழுத்துப் பரீட்சைக்கும் படித்த அனுபவத்திலிருந்து, அந்தக் கணக்கை எப்படிப் பழகலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

அடிப்படை, பாடசாலையில் படித்த போயிலின் விதிதான்: அமுக்கம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, அத்தனை மடங்கு வாயுவின் கனவளவு குறையும். கடல்நீரில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் அமுக்கம் ஏறத்தாழ 1 பார் கூடுகிறது. மேற்பரப்பில் 1 பார், 30 மீற்றரில் 4 பார், பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லையான 40 மீற்றரில் 5 பார். நுரையீரலை நிரப்பும் ஒரு மூச்சுக்கு 30 மீற்றரில் நான்கு மடங்கு வாயு செலவாகிறது. ஆகவே, முதலில் பாரில் யோசிப்பதை விட்டு லீற்றரில் யோசிக்கப் பழகுங்கள். வெப்பவலயக் கடல்களில் பரவலாக வாடகைக்குக் கிடைக்கும் அலுமினியச் சிலிண்டரின் உள்ளளவு 11.1 லீற்றர். அதில் 200 பார் இருந்தால் 2,220 லீற்றர் வாயு, 50 பார் இருந்தால் 555 லீற்றர். அந்த 555 லீற்றர் போதுமா என்ற கேள்வியிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது.

அடுத்ததாக, உங்கள் சொந்த நுகர்வு வீதத்தை அளக்க வேண்டும். புத்தகத்தில் உள்ள சராசரியை நம்பிவிடாதீர்கள். ஒரே ஆழத்தில் பத்து நிமிடம் வழமையான வேகத்தில் நீந்தி, தொடக்க அமுக்கத்தையும் முடிவு அமுக்கத்தையும் நீருக்கடியில் எழுதும் பலகையில் குறித்துக்கொள்ளுங்கள். 15 மீற்றரில் 40 பார் குறைந்தது என்று வையுங்கள். 40 ஐ 11.1 ஆல் பெருக்கினால் 444 லீற்றர். அதைப் பத்து நிமிடத்தாலும், அந்த ஆழத்தின் 2.5 பாராலும் வகுத்தால் ஏறத்தாழ 18 வரும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 18 லீற்றர் என்பதே உங்கள் வீதம். நீரோட்டமுள்ள நாளிலும், கண்ணுக்கு எட்டும் தூரம் குறைந்த நாளிலும் மறுபடி அளந்து பாருங்கள். எண் மாறும், திட்டமிடும்போது அவற்றுள் பெரியதையே எடுக்க வேண்டும்.

இனி அவசர இருப்பு. இதைக் கணக்கிடும்போது மனத்தில் வைக்க வேண்டிய நிலைமை ஒன்றுதான்: சுழியோடலின் மிக ஆழமான இடத்தில், திரும்ப வேண்டிய கடைசி நிமிடத்தில், உங்கள் துணைச் சுழியோடிக்கு வளி முற்றாக நின்றுவிடுகிறது. அந்தக் கணத்திலிருந்து இருவரும் உங்கள் ஒரே சிலிண்டரில் சுவாசித்தபடி, அவசரப்படாமல் மேலே வந்து, உடலில் கரைந்த நைதரசன் வெளியேற 5 மீற்றரில் மூன்று நிமிடம் நிற்கும் பாதுகாப்புத் தரிப்பையும் முடித்து மேற்பரப்பை அடைய வேண்டும். பதற்றத்தில் மூச்சு வேகமாகும் என்பதால், ஒருவருக்கு நிமிடத்துக்கு 30 லீற்றர், இருவருக்கும் சேர்த்து 60 லீற்றர் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். 20 லீற்றர் என்று எடுக்கும் பயிற்சி அமைப்புகளும் உள்ளன. ஆனால், புதிதாக ஆழம் போகும் இருவருக்கு 30 தான் நேர்மையான எண் என்று நினைக்கிறேன்.

30 மீற்றருக்குக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வளியைப் பகிர்ந்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்து, நிலைமையைச் சீராக்க அடியிலேயே ஒரு நிமிடம் போகும்: 60 ஐ 4 ஆல் பெருக்க 240 லீற்றர். நிமிடத்துக்கு 10 மீற்றர் வேகத்தில் மேலேற மூன்று நிமிடம். வழியில் சராசரி அமுக்கம் 2.5 பார் என்பதால் 450 லீற்றர். தரிப்பில் 1.5 பாரில் மூன்று நிமிடத்துக்கு 270 லீற்றர். மொத்தம் 960 லீற்றர். 11.1 ஆல் வகுத்தால் 86.5, அதை எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்க வேண்டும் என்பதால் 90 பார். 50 பாரில் இருப்பதோ 555 லீற்றர் மட்டுமே. தரிப்பை விட்டுவிட்டாலும் 690 லீற்றர் தேவைப்படும் இடத்தில் அது போதாது.

இதே முறையில் மற்ற ஆழங்களையும் நீங்களே போட்டுப் பாருங்கள். மட்டக்களப்புக்கு வடக்கே, 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் சுமார் 24 மீற்றரில் கிடக்கிறது. அங்கே அவசர இருப்பு 75 பார். 40 மீற்றரில் 1,290 லீற்றர் தேவை, அதாவது 120 பார். அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட ஹேர்மீஸ் விமானந்தாங்கிக் கப்பல் ஏறத்தாழ 53 மீற்றரில் இருக்கிறது. ஆழப் பயிற்சி முடித்த பலரும் அடுத்ததாகக் கேட்பது அந்தக் கப்பலைத்தான். அந்த ஆழத்துக்கு இதே கணக்கு 1,800 லீற்றரைத் தாண்டுகிறது, சிலிண்டரில் 163 பார். 200 பாரில் மிஞ்சும் 37 பாரில், இறங்கச் செலவாவது போக, சேர்ந்தபின் சுமார் இரண்டு நிமிடம்தான் நிற்கலாம். அதுவும் கட்டாய அமுக்கத் தணிப்புத் தரிப்பு எதையும் சேர்க்காமல். ஒற்றைச் சிலிண்டருடன் அங்கே போகக் கூடாது என்பதை யாருடைய அதிகாரத்தையும் நம்பி ஏற்க வேண்டியதில்லை. ஒரு தாளும் பென்சிலும் போதும்.

அவசர இருப்பை ஒதுக்கிய பின் மீதமிருப்பதுதான் சுழியோடலுக்கு உரிய வாயு. 30 மீற்றரில், 200 பாரிலிருந்து 90 ஐக் கழித்தால் 110 பார், அதாவது 1,221 லீற்றர். நிமிடத்துக்கு 18 லீற்றர் சுவாசிப்பவர் அங்கே 72 லீற்றர் செலவழிப்பார் என்பதால் ஏறத்தாழ 17 நிமிடம். பரவலாகப் பயன்படும் அட்டவணை ஒன்றில் சாதாரண வளியுடன் அந்த ஆழத்துக்குரிய தரிப்பில்லா நேர எல்லை, அதாவது கட்டாயத் தரிப்பின்றி மேலேறக்கூடிய அதிகபட்ச நேரம், 20 நிமிடம். ஆகவே, கையில் கட்டிய கணினி இன்னும் நேரமிருக்கிறது என்று காட்டும்போதே வாயு முடிந்துவிடுகிறது. ஒட்சிசன் 32 வீதமுள்ள நைட்ரொக்ஸ் கலவை அந்த நேர எல்லையை நீட்டும். சிலிண்டரில் ஒரு லீற்றரையும் கூட்டாது. அதன் ஆழ எல்லை சுமார் 34 மீற்றர் என்பதும் பரீட்சையில் தவறாமல் வரும்.

நங்கூரக் கயிற்றுக்கே திரும்பி வர வேண்டிய இடமென்றால், அந்த 110 பாரில் பாதியைப் போவதற்கும் பாதியை வருவதற்கும் பிரிக்க வேண்டும்: 145 பாரில் திரும்புதல். நீரோட்டத்தோடு போய் எங்கே வேண்டுமானாலும் மேலெழலாம், படகு பின்தொடரும் என்றால் பிரிக்கத் தேவையில்லை. வாயுவில் மூன்றில் ஒரு பங்கைப் போகவும், ஒரு பங்கை வரவும், ஒரு பங்கை இருப்பாகவும் வைக்கும் மூன்றில் ஒரு பங்கு விதி குகைச் சுழியோடலுக்கு உரியது. நேராக மேலேறக்கூடிய திறந்த கடலில் அதை மனப்பாடமாகப் பயன்படுத்துவதில் பொருளில்லை.

துணைச் சுழியோடியிடம் 15 லீற்றர் உருக்குச் சிலிண்டர் இருந்தால், அவருக்கு அதே 960 லீற்றர் 64 பார்தான். லீற்றர் இருவருக்கும் பொது, பார் தனித்தனி; இதை நீருக்கு மேலேயே பேசி முடிக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். காங்கேசன்துறை முதல் பொத்துவில் வரை எந்தப் படகிலும் சிலிண்டர் வெயிலில் கிடக்கும். 50 பாகை வெப்பத்தில் 200 பார் காட்டிய சிலிண்டர் 28 பாகைக் கடல்நீரில் 186 பாருக்கு இறங்கிவிடும். மேலே சொன்ன 110 பாரில் 14 பார் அப்படியே போகிறது. அதனால் நான் நீரில் இறங்கிச் சற்று நேரத்தின் பின் வாசிக்கும் எண்ணையே தொடக்க அமுக்கமாக எடுக்கிறேன்.

இவற்றையெல்லாம் அடியில் கணக்கிடலாம் என்று எண்ண வேண்டாம். 30 மீற்றருக்கு அப்பால் நைதரசன் மயக்கம் பலருக்கும் எளிய கூட்டலையே மந்தமாக்கும். பலகையில் மூன்று எண்களை மட்டும் பெரிதாக எழுதுங்கள்: அதிகபட்ச ஆழம், திரும்பும் அமுக்கம், மேலேறத் தொடங்கும் அமுக்கம். எங்கள் போதனாசிரியர் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் தன் அமுக்கமானியை மூடிக்கொண்டு, அதில் என்ன இருக்கும் என்று விரல்களால் கேட்பார். சில நாள்களில் முள்ளைப் பார்க்காமலே பத்துப் பாருக்குள் சொல்லும் பழக்கம் வந்துவிடுகிறது. வளி பகிர்தலையும் 5 மீற்றரில் நின்ற இடத்தில் மட்டும் பழகாமல், பகிர்ந்தபடியே மேலேறித் தரிப்பை முழுமையாக முடிக்கும் வரை பழகுங்கள். அப்போதுதான் அந்த 'அடியில் ஒரு நிமிடம்' உங்கள் இருவருக்கும் உண்மையில் எவ்வளவு என்று தெரியும். இரண்டு நிமிடமானால் கணக்கில் இரண்டு நிமிடமே போட வேண்டும்.

எழுத்துப் பரீட்சையில் சூத்திரம் கடினமல்ல. அலகுகள்தான் ஆளைக் கவிழ்க்கும். ஆழத்தை அமுக்கமாக மாற்றும்போது மேற்பரப்பின் 1 பாரைக் கூட்ட மறப்பது, மேலேறும்போது சராசரி அமுக்கத்துக்குப் பதிலாக அடியின் அமுக்கத்தைப் போடுவது, லீற்றரில் வந்த விடையைச் சிலிண்டரின் அளவால் வகுக்காமல் விடுவது ஆகிய மூன்றையும் ஒவ்வொரு விடையிலும் சரிபாருங்கள். அமெரிக்க வினாத்தாள்கள் பி.எஸ்.ஐ. அலகில் கேட்கும், 1 பார் 14.5 பி.எஸ்.ஐ. என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

துணைச் சிறு சிலிண்டர் வாங்க நினைப்பவர்கள் அதையும் இதே முறையில் சோதிக்க வேண்டும். 3 லீற்றர் சிலிண்டரில் 200 பார் என்றால் 600 லீற்றர். தனியொருவர் 30 மீற்றரிலிருந்து தரிப்போடு மேலே வர 480 லீற்றர் தேவை என்பதால் அது போதும். 40 மீற்றரிலிருந்து 645 லீற்றர் வேண்டும் என்பதால் அந்த ஆழத்துக்கு அடுத்த அளவையே வாங்க வேண்டும்.