9 மி.மீ., .40, .45: இடுப்பில் எதைச் சுமப்பது?

கைத்துப்பாக்கித் தோட்டாக்களைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும், பெரிய குண்டு ஒரே அடியில் ஆளைச் சாய்த்துவிடும், சிறிய குண்டால் அது முடியாது என்ற நம்பிக்கை முதல் ஆளாக வந்து நின்றுவிடுகிறது. இந்த நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. காலிபருக்கு, அதாவது குண்டின் குறுக்களவுக்கு (.40, .45 என்பவை அங்குலக் கணக்கு), மதிப்பே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மதிப்பு எதிரில் நிற்பவரின் உடலில் வெளிப்படுவதைவிட, சுடுபவரின் கையில்தான் அதிகம் வெளிப்படுகிறது என்பது என் உறுதியான கருத்து.

எண்களிலிருந்து தொடங்கலாம். தோட்டா என்பது குண்டும் வெடிமருந்தும் பித்தளைக் கூடும் சேர்ந்த முழுமை; குழலை விட்டுப் பாய்வது குண்டு மட்டுமே. ஜார்ஜ் லூகர் வடிவமைத்து 1902-இல் அறிமுகமான 9 மி.மீ. பாரபெல்லம் தோட்டாவில், வழக்கமான 124 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டு 8 கிராம் எடை கொண்டது. அது வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் வேகத்தில் குழலை விட்டு வெளியேறுகிறது. .45 ஏ.சி.பி. தோட்டாவின் 230 கிரெய்ன் குண்டு 15 கிராமுக்குச் சற்றே குறைவு, வேகம் வினாடிக்கு 255 மீட்டர் அளவில் இருக்கும். .40 எஸ் அண்ட் டபிள்யூ இரண்டுக்கும் நடுவே 180 கிரெய்ன் குண்டை 300 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது. இவற்றின் ஆற்றலைக் கணக்கிட்டால் 9 மி.மீ.க்கு 490 ஜூல், .45-க்கு 485 ஜூல், .40-க்கு 525 ஜூல் என்று வரும். இவ்வளவு நெருங்கிய எண்களை வைத்துக்கொண்டு ஒன்றைப் புலி என்றும் மற்றொன்றைப் பூனை என்றும் பேசுவதற்கு இடமே இல்லை.

உந்தத்தில் மட்டும் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. .45 குண்டின் உந்தம் 9 மி.மீ. குண்டினுடையதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். பெரிய குண்டை ஆதரிப்பவர்கள் இதையே தங்கள் வலுவான சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் அந்த உந்தம் முழுவதையும் 75 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் வாங்கிக்கொண்டாலும், அவர் வினாடிக்கு 5 சென்டிமீட்டர் வேகத்தில்தான் பின்னே நகர்வார். அது ஒருவரைத் தள்ளாடவைக்கக்கூடப் போதாது. அதே அளவு உதைப்பு சுடுபவரின் மணிக்கட்டுக்கும் திரும்பி வருகிறது என்பதைத்தான் நாம் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறோம்.

கைத்துப்பாக்கிக் குண்டு தன் பாதையில் நசுக்கிக்கொண்டு போகும் திசுவைத்தான் நிலையாகச் சிதைக்கிறது. ரைஃபிள் குண்டின் வேகத்தில் சுற்றியுள்ள திசுவும் கிழிந்துவிடும்; இந்த வேகங்களிலோ நெகிழ்வுள்ள திசு பெரும்பாலும் விரிந்து பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. ஆகவே தாக்குபவரை உடனடியாக நிறுத்துவது மூளையையோ தண்டுவடத்தையோ தொட்ட குண்டு மட்டுமே. மற்ற இடங்களில் பட்டால் இரத்த இழப்புக்காகக் காத்திருக்க வேண்டும், இதயமே சிதைந்தாலும் பத்துப் பதினைந்து வினாடிகள் ஒருவரால் இயங்க முடியும். குண்டு எங்கே பட்டது, எவ்வளவு ஆழம் போனது என்பவையே முதல் கேள்விகள். அகலம் அவற்றுக்குப் பின்னால் வருவது, 9 மி.மீ.க்கும் .45-க்கும் இடையே, உடலுக்குள் விரியாத நிலையில் இருக்கும் வேறுபாடு இரண்டரை மில்லிமீட்டர்தான்.

அப்படியானால் பெரிய காலிபர் மீதான பற்று எங்கிருந்து வந்தது? பிலிப்பைன்ஸ் போர்க்களத்தில் .38 லாங் கோல்ட் ரிவால்வர்கள் போதுமானவையாக இல்லை என்ற புகார் அமெரிக்க இராணுவத்தில் எழுந்தது. அதன் தொடர்ச்சியாக 1904-இல் அந்த இராணுவத்தின் அதிகாரிகளான தாம்சனும் லாகார்டும் சிகாகோ இறைச்சிக்கூடத்து மாடுகள் மீதும் மனிதச் சடலங்கள் மீதும் சுட்டுப் பார்த்து, .45-க்குக் குறையாத காலிபர் வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். ஜான் பிரவுனிங்கின் பிஸ்டல் 1911-இல் இராணுவத்தின் கைக்கு வந்தது அந்த வழியில்தான். அன்றைய குண்டுகள் உடலில் நுழைந்ததும் விரிந்து அகலமாகும் வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதால், பெரிய துளை வேண்டுமென்றால் பெரிய குண்டைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்த முடிவு அந்தக் காலத்துக்கு நியாயமானதே.

இரண்டாவது திருப்பம் 1986 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் மயாமியில் நேர்ந்தது. இரண்டு கொள்ளையர்களுடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் முகவர்கள் இருவர் உயிரிழந்தனர், ஐவர் காயமடைந்தனர். கொள்ளையரில் ஒருவரின் கையைத் துளைத்து மார்புக்குள் நுழைந்த 9 மி.மீ. குண்டு, இதயத்தை எட்டுவதற்கு முன்பே நின்றுவிட்டது. அதன் பிறகும் அவர் சுட்டுக்கொண்டே இருந்தார். எஃப்.பி.ஐ. முதலில் 10 மி.மீ. ஆட்டோவை எடுத்துக்கொண்டது. அதன் உதைப்பு பலருக்கும் மிகையாக இருந்ததால் வீரியம் குறைத்த தோட்டாவை வகுத்தது, அந்த அளவு வீரியத்துக்கு அவ்வளவு நீளமான பித்தளைக் கூடு தேவையில்லை என்று கண்ட ஸ்மித் அண்ட் வெஸன், வின்செஸ்டர் நிறுவனங்கள் 1990-இல் .40-ஐக் கொண்டுவந்தன.

மயாமிக்குப் பின் உருவான சோதனை முறைக்கு நான் பெரும் மதிப்புத் தருகிறேன், ஏனெனில் வீர வசனங்களுக்கு அங்கே வேலையில்லை. உடல் திசுவுக்கு ஈடாக வைக்கப்படும் 10 விழுக்காடு ஜெலட்டின் பாளத்தில் குண்டு 12 அங்குலத்துக்குக் குறையாமலும் 18 அங்குலத்தைத் தாண்டாமலும் நிற்க வேண்டும். கனத்த ஆடை, இரும்புத் தகடு, சுவர்ப் பலகை, ஒட்டுப்பலகை, வாகனக் கண்ணாடி ஆகியவற்றைக் கடந்து சென்றாலும் இதே அளவுகோல்தான். விரிவதற்காக முனையில் குழி வைத்த பழைய ஹாலோ பாயிண்ட் குண்டு ஆடையைக் கடக்கும்போது நூலிழைகள் அதன் வாய்க்குழியில் அடைத்துக்கொள்ளும். பிறகு அது விரியாமல், சாதாரணக் குண்டைப்போலப் பாளத்தின் மறுபுறம் வெளியேறிவிடும். இன்றைய நல்ல குண்டைப் பாளத்திலிருந்து எடுத்துப் பார்த்தால், செப்புறை இதழ் இதழாகப் பின்னோக்கி மடங்கியிருக்க, ஈயம் அதைவிட்டுப் பிரியாமல் நடுவில் உட்கார்ந்திருக்கும். குறுக்களவு தொடக்கத்தைவிட ஒன்றரை மடங்கு ஆகியிருக்கும். இந்த முன்னேற்றத்தால் அதிகம் பயனடைந்தது, தோற்றுப்போனதாகத் தள்ளப்பட்ட 9 மி.மீ.தான். 2014-இல் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவு அதன் பக்கம் திரும்பியது, 2016-இல் 9 மி.மீ. கிளாக் பிஸ்டல்களுக்கான ஒப்பந்தமும் கையெழுத்தானது.

பணிக்குச் சுமப்பவர்களைப் பொறுத்தவரை என் தேர்வு ஐயமின்றி 9 மி.மீ. ஒரே நிறுவனத்தின் முழு அளவுப் பிஸ்டல்களை எடுத்துக்கொண்டால், கிளாக் 17-இன் மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியில்) 17 தோட்டாக்கள், .40 வகையான கிளாக் 22-இல் 15, .45 வகையான கிளாக் 21-இல் 13. எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த குண்டுக்கான நேரம். ஒரே உருவமுள்ள இரு பிஸ்டல்களை அடுத்தடுத்துச் சுட்டால், 9 மி.மீ.யில் குழல் முனையிலுள்ள குறிமுள் எழும்பி அதே இடத்தில் வந்து அமர்கிறது. .40-இல் அது வெடுக்கென்று மேலேறி, சற்றே விலகித் திரும்புகிறது. மூன்றாவது குண்டுக்குள் இடக்கையின் பிடி தளர்ந்து, கையை மறுபடி சரிசெய்யத் தோன்றுகிறது. பல உடல்வாகுள்ளவர்களுக்கு ஒரே ஆயுதத்தை வழங்க வேண்டிய துறைக்கு இந்தச் சிறு விலகல் பெரிய செய்தி. இலக்கைத் தவறிய ஒவ்வொரு குண்டும் எங்கோ ஒருவர்மீது போய் முடியலாம் என்பதால், வேகமாகவும் சரியாகவும் சுட உதவும் தோட்டாவைத் தருவது பொதுமக்களுக்குச் செய்யும் கடமையும்கூட.

.45-க்கு இன்னும் இடமுண்டு. மேகசினில் 10 தோட்டாக்களே சட்டப்படி அனுமதிக்கப்படும் இடங்களில் 9 மி.மீ.யின் கொள்ளளவு மேன்மை பெருமளவு மறைந்துவிடும். ஒலியைவிட மெதுவாகச் செல்லும் குண்டு என்பதால் சைலன்சருடன் அது இயல்பாகப் பொருந்துகிறது, கனமான பிஸ்டலில் அதன் உதைப்பு வெட்டாக இல்லாமல் மெதுவான தள்ளலாகவே இருக்கும். .40-க்கு அப்படிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. சாய்ந்த வாகனக் கண்ணாடியில் எடை கூடிய குண்டு ஓரளவு நன்றாகத் திசை காக்கிறது, அவ்வளவே.

அன்றாடம் மறைத்துச் சுமப்பது முற்றிலும் வேறு கணக்கு. அங்கே காலிபருக்கு முன் பிஸ்டலின் எடையும் குழலின் நீளமும் வருகின்றன. அரைக் கிலோ எடையுள்ள குறும்பிஸ்டலில் அதே 9 மி.மீ. உள்ளங்கையைக் கடிக்கும். குழல் குறுகும்போது வேகமும் குறைகிறது, வேகம் குறைந்தால் ஹாலோ பாயிண்ட் முழுதாக விரியாமல் போகலாம். குறுங்குழலுக்கென்றே வடிவமைத்த தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான் தேவையாகிறது. 9 மி.மீ.யைவிட வீரியம் குறைந்த தோட்டாவான .380 ஏ.சி.பி.யின் 95 கிரெய்ன் குண்டு 260 ஜூல் அளவில் நிற்பதால், விரிந்தால் ஆழம் போதாது, ஆழம் போனால் விரியாது என்ற இக்கட்டில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறது. ஆழத்தையே முதன்மையாகக் கருதும் நான் அதில் விரியாத, தட்டை முனைக் குண்டையே விரும்புவேன். கையில் வலு குறைந்தவர்களுக்கு, ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் நகரும் மேல்பகுதியை, எளிதாக இழுக்க முடிகிற .380, வீட்டு அலமாரியில் தூங்கும் .45-ஐவிட எத்தனையோ மேல். .22 இந்த இடத்துக்கு வேண்டாம். விளிம்பில் தீப்பற்றும் அந்தத் தோட்டா வெடிக்காமல் போகும் வாய்ப்பு மற்றவற்றைவிட அதிகம்.

எந்தத் தோட்டாவைத் தேர்ந்தெடுத்தாலும், சுமக்கப் போகும் அதே வகையைத் தங்கள் சொந்தப் பிஸ்டலில் தடங்கலின்றி ஓடுகிறதா என்று சுட்டுப் பார்த்த பிறகே உறையில் வைக்க வேண்டும். ஒரே தோட்டாவை நாள்தோறும் குழலின் பின்முனையிலுள்ள அறையில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால், குண்டு கூட்டுக்குள் சிறிது சிறிதாக அமுங்கி, சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும். இடம் குறைந்த கூட்டில் அதிக அழுத்தத்துடன் இயங்கும் .40-இல் இந்த ஆபத்து கூடுதல். ஏற்றி இறக்கிய தோட்டாவைப் புதியதன் அருகே நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். சற்றே குட்டையாகத் தெரிந்தாலும் அதை மறுபடி ஏற்றாமல் ஒதுக்கிவிடுங்கள்.