ஃபோல்டர் தேதி ஏன் பொய் சொல்வதுபோல் தெரிகிறது?

நேற்று இரவு வரை வேலை பார்த்த ஃபோல்டருக்கு மூன்று மாதம் பழைய தேதி. யாரும் மாதக்கணக்கில் எதையும் மாற்றாத இன்னொன்றுக்கு இன்றைய தேதி. உடனே வைரஸ் என்று பயப்பட வேண்டாம். அந்தத் தேதி பெரும்பாலும் சரியானதுதான், ஆனால் நாம் நினைக்கும் விஷயத்தின் தேதி அது இல்லை.

விண்டோஸ் கம்ப்யூட்டரின் டிஸ்க் வழக்கமாக என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். அதைப் பொறுத்தவரை ஃபோல்டர் என்பது பெயர்களின் பட்டியல். பட்டியலில் ஒரு பெயர் சேர்ந்தால், நீங்கினால், மாறினால் மட்டும் ஃபோல்டரின் 'டேட் மாடிஃபைடு' மாறும். ஏற்கெனவே உள்ள ஃபைலுக்குள் நூறு பக்கம் எழுதினாலும் பெயர்ப் பட்டியல் அப்படியேதான் இருக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். '2025' ஃபோல்டருக்குள் 'மார்ச்', அதற்குள் புதிதாக ஒரு ஃபைல் என்றால், மார்ச்சின் தேதி மாறும். 2025-இன் தேதி அசையாது. மாற்றம் ஒரு படிக்கு மேல் ஏறாது. மேல்மட்ட ஃபோல்டர்கள் எப்போதும் பழையதாகத் தெரிவது இதனால்தான்.

நீங்களே பார்க்கலாம். புது ஃபோல்டர் ஒன்றில் நோட்பேடில் ஒரு ஃபைல் சேமித்து மூடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து அதில் ஒரு வரி சேர்த்துச் சேமியுங்கள். எஃப்5 தட்டினால் ஃபைலின் நேரம் மாறியிருக்கும், ஃபோல்டரின் நேரம் மாறியிருக்காது. இப்போது ஃபைலின் பெயரை மாற்றுங்கள். ஃபோல்டரும் மாறிவிடும்.

இதே சோதனையை வேர்டில் செய்தால் விடை தலைகீழாக வரும். ஒரு டாக்குமெண்டைத் திறந்ததுமே வேர்டு, அதே ஃபோல்டரில் அலைக்குறியும் டாலர் குறியும் முன்னால் போட்ட ஒரு மறைவு ஃபைலை உருவாக்குகிறது. 'இதை ஒருவர் திறந்து வைத்திருக்கிறார்' என்பதற்கான அடையாளம் அது. மூடும்போது அதை நீக்கிவிடும். ஒரு பெயர் சேர்ந்தது, ஒரு பெயர் போனது. ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் படித்துவிட்டு மூடினாலும் ஃபோல்டருக்கு இன்றைய தேதி விழும். எக்செலும் அப்படித்தான். நெட்வொர்க் ஷேரில் படங்களைத் தம்ப்நெயிலாகப் பார்த்தால் உருவாகும் 'தம்ப்ஸ்.டிபி', மேக்கில் திறந்தால் விழும் 'டிஎஸ்_ஸ்டோர்' ஆகியவையும் இதே வேலையைச் செய்யும்.

அதனால் பழைய ஃபோல்டர் என்று நினைத்து எதையும் அழிக்கும் முன், தயவுசெய்து உள்ளே இருக்கும் ஃபைல்களின் தேதியைப் பாருங்கள். ஃபோல்டரைத் திறந்து, வலது மேல்மூலைத் தேடல் பெட்டியில் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் போட்டால், எல்லா உள் ஃபோல்டர்களின் ஃபைல்களும் ஒரே பட்டியலாக வரும். 'டீடெயில்ஸ்' வியூவுக்கு மாற்றி, 'டேட் மாடிஃபைடு' தலைப்பைச் சொடுக்கிப் புதியது மேலே வரும்படி வையுங்கள். கடைசியாக வேலை நடந்தது எப்போது என்று அங்கே தெரியும். சில ஃபோல்டர்களில் வெறும் 'டேட்' என்று ஒரு பத்தி இருக்கும். புகைப்படம் என்றால் அது எடுத்த தேதியைக் காட்டும், மற்றவற்றுக்கு வேறொன்றைக் காட்டும். தலைப்பில் வலது சொடுக்கி அதை நீக்கிவிட்டு 'டேட் மாடிஃபைடு', 'டேட் கிரியேட்டட்' இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது.

'கிரியேட்டட்' தேதி 'மாடிஃபைடு' தேதிக்குப் பிந்தியதாக இருப்பதும் பிழை இல்லை. ஃபைலைக் காப்பி செய்தால் மாற்றிய தேதி கூடவே வரும். உருவான தேதி, அந்தப் பிரதி பிறந்த நேரம்.

பென் டிரைவ் கதை வேறு. பல பென் டிரைவ்களில் இருக்கும் எஃப்ஏடி32 ஃபார்மட் முறை, உள்ளூர்க் கடிகாரம் காட்டும் எண்ணை அப்படியே எழுதிவைக்கும். என்டிஎஃப்எஸ் உலகப் பொது நேரத்தில் எழுதி, காட்டும்போது உங்கள் நேர மண்டலத்துக்கு மாற்றும். சென்னையில் காலை 10 மணிக்குச் சேமித்த ஃபைல் சிங்கப்பூரில் எஃப்ஏடி32-இல் 10:00 என்றும், என்டிஎஃப்எஸ்ஸில் 12:30 என்றும் தெரியும். 1-1-1980 என்று கண்டால் அது எஃப்ஏடி, ஜிப் முறைகளின் ஆரம்பப் புள்ளி. 1-1-1970, காலை 5:30 என்பது யூனிக்ஸ் இயங்குதளம் நேரத்தை எண்ணத் தொடங்கும் பூஜ்ஜியம் நம் நேரத்தில் தெரிவது. இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: உண்மையான தேதி பதிவாகவே இல்லை.

உண்மையிலேயே தவறான தேதி விழுவது கடிகாரத்தால்தான். மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்தால், மின் இணைப்பை எடுத்ததும் கடிகாரம் பல வருடம் பின்னுக்குப் போகும். பிரவுசரில் பாதுகாப்புச் சான்றிதழ் எச்சரிக்கை வரிசையாக வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். பேட்டரியை மாற்றி, தேதி செட்டிங்கில் 'சிங்க் நௌ' கொடுத்தால் போதும். ஏற்கெனவே விழுந்த தேதிகள் தானாகத் திருந்தாது.

இதைவிட ஏமாற்றுவது நேர மண்டலம். மண்டலம் அமெரிக்க பசிபிக் நேரத்தில் இருக்க, கடிகார முள்ளை மட்டும் கையால் திருத்தியவர்கள் நிறைய. திரையில் மணி சரி, டிஸ்கில் பதிவாகும் பொது நேரம் தப்பு. பிறகு மண்டலத்தை இந்திய நேரத்துக்கு மாற்றியதும் பழைய ஃபைல்கள் எல்லாம் அமெரிக்கக் குளிர்கால நேரக் கணக்கில் 13½ மணி நேரம் முன்னே நகரும். மாலை 6 மணிக்குச் சேமித்தது மறுநாள் காலை 7:30 ஆகிவிடும். கடிகாரத்தைத் தொடுவதற்கு முன் மண்டலத்தைச் சரிசெய்ய வேண்டும்.

புது டிஸ்குக்கு மாறும்போது எக்ஸ்ப்ளோரரில் காப்பி செய்தால் பொதுவாக ஃபோல்டர்களுக்கு அன்றைய தேதி விழும். பழைய தேதி வேண்டுமென்றால் விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி (robocopy) கட்டளையில் 'டிகாப்பி' சுவிட்சுக்கு D, A, T என்ற மூன்று எழுத்துகளையும் (/DCOPY:DAT) கொடுங்கள். கடைசி 'T'தான் நேரத்துக்கானது, தானாக வராது. எஃப்ஏடி32 டிஸ்குக்கு பேக்கப் எடுப்பவர்கள் 'எஃப்எஃப்டி' (/FFT) சுவிட்சையும் சேர்க்க வேண்டும். அந்த முறை மாற்றிய நேரத்தை 2 விநாடிக்கு ஒருமுறைதான் கணக்கில் கொள்ளும் என்பதால், இது இல்லாவிட்டால் மாறாத ஃபைல்களையும் மாறியதாக நினைத்து ஒவ்வொரு முறையும் மறுபடி எழுதிக்கொண்டிருக்கும்.