மார்ச் மாதச் சம்பளப் பட்டியல்

சிறு நிறுவனங்களில் கணக்குப் பிரிவு என்பது பெரும்பாலும் ஒரே ஒரு மேசைதான். ஜி.எஸ்.டி. தாக்கல் செய்கிறவரும், வங்கிக்குப் போய்வருகிறவரும், மாதச் சம்பளம் போடுகிறவரும் ஒரே ஆளாக இருப்பார். முப்பதுக்குச் சற்று மேற்பட்டவர்கள் வேலை செய்யும் ஒரு தொழிற்கூடத்தில் அப்படியொரு மேசையில் நான் பல ஆண்டுகளாக இருந்து வருகிறேன். மற்ற வேலைகளில் தவறு நேர்ந்தால் முதலாளி கேட்பார், ஆடிட்டர் கேட்பார். சம்பளத்தில் மட்டும், பக்கத்து அறையில் வேலை செய்கிறவர் எழுந்து வந்து நேருக்கு நேர் கேட்பார். ஆண்டிறுதியில் அந்தக் கேள்விகள் அனைத்தும் மார்ச் மாதச் சம்பளப் பட்டியலைச் சுற்றியே எழுகின்றன.

ஆண்டிறுதி வேலை என்றால் மார்ச்சில் செய்வது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். சட்டம் அப்படி எண்ணவில்லை. 2026 மார்ச் வரையான சம்பளங்களுக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் (இங்கே நான் சொல்லும் வரிப் பிரிவு எண்களும் படிவ எண்களும் அதனுடையவை) சம்பளத்துக்கான வரிப்பிடித்தத்தைச் சொல்லும் 192ஆம் பிரிவு, ஊழியரின் முழு ஆண்டு வருமானத்தை முன்கூட்டியே மதிப்பிட்டு, அதற்குரிய வரியைச் சராசரி விகிதத்தில் ஒவ்வொரு மாதச் சம்பளத்திலும் பிடிக்கச் சொல்கிறது. மாதம் 1,20,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு 2025-26 நிதியாண்டில், கழிவுகள் குறைந்து விகிதமும் குறைந்த புதிய வரிமுறைப்படி, சான்று கேட்காமல் தரும் 75,000 ரூபாய் நிலைக்கழிவு போக வரிக்குரிய வருமானம் 13,65,000 ரூபாய். வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 88,140 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,345 ரூபாய். ஏப்ரலிலிருந்தே இது பிடிக்கப்பட்டால், அவர் அதை மின்கட்டணம் போல ஒரு மாதச் செலவாகப் பழகிக்கொள்வார். இதே தொகை மார்ச்சில் மொத்தமாகப் பிடிக்கப்பட்டால் அந்த மாதச் சம்பளத்தில் 31,860 ரூபாய்தான் மிஞ்சும், அதிலும் பி.எஃப். போக வேண்டும். வரி ஒன்றேதான்; வீட்டுக்குள் அது இறங்கும் விதம் வேறு. இடையில் கூடுதலாகவோ குறைவாகவோ பிடித்திருந்தால் அதே நிதியாண்டுக்குள் சரிசெய்துகொள்ளவும் அதே பிரிவு இடம் தருகிறது. சட்டத்தில் ஊழியருக்குச் சாதகமாக உள்ள இடங்களில் இந்தச் சராசரியை நான் முதலில் வைப்பேன். அதைக் கெடுப்பது பெரும்பாலும் அரசு அல்ல. விவரம் கேட்கத் தாமதிக்கும் அலுவலகமும், சொல்லத் தாமதிக்கும் ஊழியரும்தான்.

2023-24 முதல் புதிய வரிமுறையே இயல்பான முறை ஆகிவிட்டது. ஊழியர் எந்த முறையை விரும்புகிறார் என்று நிறுவனம் கேட்க வேண்டும்; அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் புதிய முறைப்படியே பிடிக்க வேண்டும். இதன் பின் காகித வேலை பாதியாகக் குறைந்தது உண்மை. ஆனால் வீட்டுக் கடனும் வாடகையும் உள்ள சிலர் இன்னும் பழைய முறையிலேயே இருக்கிறார்கள். ஆண்டிறுதியில் எங்கள் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறவர்களும் அந்தச் சிலர்தான். அவர்கள் 12பிபி என்ற படிவத்தில் தங்கள் கழிவுகளை எழுதி, அதற்கான சான்றுகளையும் இணைத்துத் தர வேண்டும். காப்பீட்டுப் பிரிமியம், பிள்ளைகளின் கல்விக் கட்டணம், வீட்டுக் கடனின் அசல் ஆகியவை 80சி பிரிவில் 1,50,000 ரூபாய் வரை, வீட்டுக் கடன் வட்டிக்கு வங்கிச் சான்றிதழ், வாடகைக்கு ரசீது. ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணும் வேண்டும். ஆகவே மாத வாடகை 8,300 ரூபாய் என்று எழுதிய ரசீதுகள் என் மேசைக்கு வியப்பூட்டும் எண்ணிக்கையில் வருகின்றன. நகரத்தின் எந்த மூலையில் குடியிருந்தாலும், எத்தனை அறைகள் இருந்தாலும், வாடகை 8,300தான்.

இந்த இடத்தில் கணக்கர் எதுவரை போகலாம் என்பது எளிய கேள்வி அல்ல. நான் துப்பறிகிறவன் அல்ல. ஊழியரின் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் அதிகாரமோ விருப்பமோ எனக்கு இல்லை. அதே நேரத்தில், சான்றைப் பெற்றுப் பார்க்க வேண்டிய கடமை நிறுவனத்துக்கு உண்டு. கண்ணெதிரே பொய் என்று தெரிவதை ஏற்றுக்கொண்டால் அந்தப் பொய்யில் நிறுவனமும் பங்காளியாகிவிடும். நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான். ரசீதில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் கையொப்பமும் இருக்க வேண்டும். வாடகை வங்கி வழியாகப் போயிருந்தால் அந்தப் பதிவையும் கேட்பேன். எல்லா மாத ரசீதுகளும் ஒரே பேனாவில், ஒரே நாளில் எழுதியவை போலிருந்தால் அவரைத் தனியாக அழைத்து, பின்னாளில் துறை கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான் என்று சொல்வேன். பெரும்பாலானோர் அதன்பின் அந்தக் கோரிக்கையைத் தாமாகவே திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள். தந்தையின் வீட்டில் குடியிருந்து உண்மையாகவே அவருக்கு வாடகை தரும் ஒருவரைச் சந்தேகத்தோடு பார்ப்பதும் தவறு. அது சட்டப்படி செல்லும்.

சான்றுகளை ஜனவரி முடிவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஜனவரியில் தெரிந்தால் குறைபாட்டை இரண்டு, மூன்று சம்பளங்களில் பிரித்துப் பிடிக்கலாம். மார்ச் இறுதியில் தெரிந்தால் ஒரே சம்பளம்தான் மிச்சம். எங்களிடம் காட்டத் தவறிய கழிவுகளில் பெரும்பாலானவற்றை ஊழியர் தம் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது கோரி, கூடுதலாகப் பிடித்த வரியைத் திரும்பப் பெறலாம் என்பது சரிதான். ஆனால் அந்தப் பணம் கைக்கு வர மாதங்கள் ஆகும். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம் அதுவரை காத்திருக்காது.

ஆண்டின் நடுவில் வேலைக்குச் சேர்கிறவர்களின் கணக்கில்தான் மிகப் பெரிய அதிர்ச்சிகள் ஒளிந்திருக்கின்றன. ஒருவர் செப்டம்பர் வரை வேறொரு நிறுவனத்தில் மாதம் ஒரு லட்சம் வாங்கியவர். அக்டோபரில் எங்களிடம் 1,20,000 ரூபாய்க்குச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரது ஆண்டுச் சம்பளத்தை 12 லட்சம் என மதிப்பிட்டதில், அது வரியில்லா எல்லைக்குள் இருந்ததால் அங்கே வரி பிடிக்கவில்லை. எங்கள் பட்டியலில் 7,20,000தான் தெரிகிறது, நாங்களும் பிடிக்கத் தேவையில்லை. இரண்டையும் கூட்டினால் 13,20,000; நிலைக்கழிவு போக 12,45,000; வரியில்லா எல்லையைத் தாண்டிய தொகையைவிட வரி கூடாமல் குறைக்கும் விளிம்பு நிவாரணத்துக்குப் பிறகும், செஸ் சேர்த்து 46,800 ரூபாய் வரி. முந்தைய சம்பள விவரத்தை அக்டோபரிலேயே 12பி படிவத்தில் எழுதித் தந்திருந்தால் மாதம் 7,800 ரூபாயாகப் போயிருக்கும். சொல்லாமலே இருந்துவிட்டால், வரிக்கணக்கு எழுதும் ஜூலையில் வட்டியோடு அவர் கையிலிருந்து கட்ட வேண்டும். பழைய நிறுவனத்தில் மனக்கசப்போடு விலகியவர்கள் அங்கே போய்ச் சம்பளச் சான்று கேட்கத் தயங்குகிறார்கள். அவர்களிடம் கடைசி மாதச் சம்பளச் சீட்டையாவது கொண்டுவரச் சொல்லி, அதில் உள்ள மொத்தத் தொகைகளை வைத்துப் படிவத்தை நிரப்ப உதவுகிறேன்.

ஊக்கத்தொகை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முதலாளிகளுக்கு இது எளிதில் புரிவதில்லை. 2025-26இல் புதிய முறையில் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருப்பவருக்கு 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வரி இல்லை. சம்பளமாகப் பார்த்தால் 12,75,000. மிகச் சரியாக அந்த எல்லையில் நிற்கும் ஒரு மேற்பார்வையாளருக்கு, நன்றாக உழைத்தார் என்று மகிழ்ந்து மார்ச்சில் 20,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்படுகிறது. தள்ளுபடி நின்றுபோகிறது, 12,20,000 ரூபாய்க்கு வரி 63,000 வர வேண்டியது, விளிம்பு நிவாரணத்தால் எல்லையைத் தாண்டிய தொகையான 20,000 ரூபாயாகக் குறைகிறது, அதன்மேல் செஸ் 800 ரூபாய். கொடுத்தது 20,000, பிடிப்பது 20,800. பாராட்டிக் கொடுத்த பணம் முழுவதும் போனதோடு கையிலிருந்தும் 800 ரூபாய் போகிறது. இப்படியொரு கணக்கைக் காட்டியபோது ஒருவர் என்னிடம், "சார், நல்ல வார்த்தை சொல்லிவிட்டு விட்டிருக்கலாமே!" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

இதற்குத் தீர்வாகப் பணத்தை ஏப்ரலில் கொடுத்துவிடலாம் என்று முதலாளி சொல்வதுண்டு. மார்ச்சிலேயே ஊழியருக்கு உரிமையாகிவிட்ட தொகையை ஏப்ரலில் கொடுப்பதால் வரி மாறாது. சம்பளம் உரியதாகும் நாள், பெறும் நாள் இரண்டில் முந்தையதற்கே சட்டம் கணக்கு வைக்கிறது. ஆகவே அறிவிப்பதற்கு முன்பே, பிப்ரவரியில், யார் யார் எல்லைக்கு அருகில் இருக்கிறார்கள் என்ற ஒரு பக்கத் தாளை முதலாளியின் மேசையில் வைத்துவிடுகிறேன். தொகையைக் கூட்டுவதோ, அடுத்த ஆண்டின் சம்பள உயர்வாகத் தருவதோ அவர் முடிவு. முடிவெடுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

வரி எல்லைக்கு வெகு கீழே இருக்கும் தொழிலாளர்களுக்கு மார்ச் வேறு விதமாக முக்கியம். தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ.யில் மாத ஊதிய வரம்பு 21,000 ரூபாய். ஊழியர் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு. நவம்பரில் ஊதியம் 22,000 ஆனாலும் மார்ச் முடியும் வரை முழு ஊதியத்துக்கும் பிடித்தாக வேண்டும். ஏப்ரலில்தான் அவர் திட்டத்திலிருந்து வெளியேறுவார். வீட்டில் நீண்டகால மருத்துவம் நடக்கும் ஒருவருக்கு அந்த ஆயிரம் ரூபாய் உயர்வு இலாபமா என்று கேட்டால் நான் தயங்காமல் இல்லை என்பேன். உயர்வே வேண்டாம் என்று கேட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக முதலாளியிடம் தனிக் காப்பீடு பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அது கணக்கரின் வேலையில் சேருமா என்று தெரிந்துகொள்ள நான் முயன்றதில்லை.

தொகையை விட அதிகத் தொல்லை தருவது பெயர். நம்மில் பலருக்கு ஒரே எழுத்து முதலெழுத்து. தகப்பனார் பெயரை விரித்து எழுதும் வழக்கம் இல்லை. பான் அட்டையிலோ அது விரிந்து, சில நேரம் ஊழியரின் பெயருக்கு முன்னும் சில நேரம் பின்னும் உட்கார்ந்திருக்கும், ஆதாரில் முதலெழுத்தே இருக்காது, வங்கியில் முதலெழுத்துக்குப் பின் புள்ளி இருக்கும், பி.எஃப். பதிவில் ஒரு எழுத்து கூடியிருக்கும். பானின் நான்காம் எழுத்து தனிநபரைக் குறிக்கும் பி. ஐந்தாவது, குடும்பப் பெயராக எழுதப்பட்டதன் முதல் எழுத்து. நமக்கு அங்கே பெரும்பாலும் தகப்பனார் வந்து நிற்கிறார். பான் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் பிடித்த வரி அவர் கணக்கில் சேராது. பான் தரவே இல்லையென்றால், வரி வர வேண்டிய சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பிடிக்க வேண்டும். ஆதாரோடு இணைக்காமல் செயலிழந்த பானும் இதே வம்பில்தான் கொண்டுபோய் விடும். ஆண்டிறுதிக்கு முன் எல்லா எண்களையும் ஒருமுறை சரிபார்ப்பது அலுப்பூட்டும் வேலைதான்; ஆனால் பின்னால் திருத்த அறிக்கை தாக்கல் செய்வதைவிட அது எளிது.

மார்ச் சம்பளம் போட்ட பிறகு நாள்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன. மற்ற மாதங்களில் பிடித்த வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். மார்ச்சுக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை. தாமதமாகச் செலுத்தினால் மாதத்துக்கு 1.5 சதவீத வட்டி. சம்பளத்தில் பிடித்த வரியைத் துறைக்குக் காட்டும் 24கியூ அறிக்கையில், கடைசிக் காலாண்டுக்கு மே 31 இறுதி நாள். முதல் மூன்று காலாண்டுகளைப் போல அன்றி, இதில் ஒவ்வொருவரின் முழு ஆண்டுச் சம்பளமும் கழிவுகளும் தனி இணைப்பாகச் சேரும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம், பிடித்த வரியின் அளவு வரை. அந்த அறிக்கை ஏற்கப்பட்ட பின்தான் வருமான வரித் துறையின் டிரேசஸ் தளத்திலிருந்து, ஊழியருக்குத் தரும் வரிப்பிடித்தச் சான்றிதழான படிவம் 16 இறங்கும். அதை ஜூன் 15க்குள் கொடுக்க வேண்டும். மே 31 வரை காத்திருக்கிறவர்களுக்கு இடையில் கிடைப்பது பதினைந்து நாள் மட்டுமே. அதனால் மே நடுவிலேயே தாக்கல் செய்துவிடுகிறேன்.

இந்தக் காகிதங்கள் வழியே ஒரு கணக்கருக்குத் தெரியவருபவை கொஞ்சநஞ்சம் அல்ல. யார் பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு கட்டுகிறார், யார் கடனில் வீடு வாங்கியிருக்கிறார், யார் வீட்டில் மாற்றுத்திறனாளி இருக்கிறார் என்பதெல்லாம் கழிவுக் கோரிக்கைகளாக வந்து சேர்கின்றன. எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிறு அலுவலகத்தில் இந்தக் கோப்புகள் திறந்த அலமாரியில் கிடப்பதை நான் அனுமதிப்பதில்லை. படிவம் 16ஐப் பொதுக் குழுவில் அனுப்பாமல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கடவுச்சொல்லுடன் அனுப்புகிறேன். முதலாளியே கேட்டாலும், சம்பளத்துக்கும் வரிக்கும் தேவையான அளவைத் தாண்டிச் சொல்வதில்லை. ஆரம்பத்தில் அவர் இதை விரும்பவில்லை, இப்போது கேட்பதும் இல்லை.

ஜூனில் படிவம் 16 கேட்டு வருகிறவர்களில் வரியே பிடிக்கப்படாதவர்களும் உண்டு. வங்கிக் கடனுக்கு அந்தத் தாள்தான் வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். வரி பிடிக்காதவருக்கு அதைக் கொடுக்கும் கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை என்பதை விளக்கி, மாதவாரியான சம்பளச் சான்றிதழ் ஒன்றை முத்திரையிட்டுத் தருகிறேன். பெரும்பாலான கிளைகள் அதை ஏற்றுக்கொள்கின்றன. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நிதியாண்டு ஒன்று, மதிப்பீட்டு ஆண்டு இன்னொன்று என்று தொழிலாளர்களுக்கு விளக்கி வந்த பாடு இனி இல்லை, வரியாண்டு என்ற ஒன்றே போதும். மனப்பாடமான பிரிவு எண்களை மறந்துவிட்டு மறுபடி கற்க வேண்டும். எந்த வரிமுறை வேண்டும் என்று கேட்கும் கடிதத்தையும், முந்தைய நிறுவனச் சம்பள விவரத்துக்கான தாளையும் ஏப்ரல் மாதச் சம்பளச் சீட்டோடு சேர்த்தே அனுப்பிவிட்டேன். பாதிப் பேர் பதில் தந்திருக்கிறார்கள், மீதிப் பேரை மே மாதச் சம்பளத்துக்கு முன் கேட்க வேண்டும்.