கோத்தகிரியில் உட்கார்ந்து கெர்னலுக்குப் பேட்ச்: எதைப் படிப்பது, எதில் நேரம் செலவிடுவது

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குப் பேட்ச், அதாவது கோடில் செய்த திருத்தம், அனுப்ப ஆசைப்படும் கல்லூரித் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் சொல்வது, இப்போதைக்குக் கோட் எழுதாதீர்கள் என்பதுதான். கெர்னலோடு வரும் டாக்குமென்டேஷன் ஃபோல்டரில் ப்ராசஸ் என்றொரு பகுதி உண்டு. அதில் கோடிங் ஸ்டைல், சப்மிட்டிங் பேட்சஸ் என்ற இரண்டு ஃபைல்களைப் படியுங்கள். முதலாவதை எல்லோரும் படிக்கிறார்கள். பேட்ச் திரும்பி வருவது பெரும்பாலும் இரண்டாவதைப் படிக்காததால்.

அதற்கு முன் கெர்னலை இறக்க வேண்டுமே. ஐப்பசி மழையில் கோத்தகிரிப் பக்கம் மரம் விழுந்தால் கரண்டும் சிக்னலும் சேர்ந்தே போகும். முழு வரலாற்றோடு கெர்னல் சில ஜிபி வரும். கோட் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் கருவியில் குளோன், அதாவது முழு நகல் இறக்குவது, பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்துதான். கெர்னல் தளத்தில் அதையே பண்டில் என்ற ஒற்றை ஃபைலாக வைத்திருக்கிறார்கள். வீகெட் என்ற பதிவிறக்கக் கருவி மூலம் இறக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டேட்டா மிச்சமாகும் என்று வரலாற்றை வெட்டிவிட்டு இறக்காதீர்கள், கமிட் என்று பதிவான பழைய மாற்றங்கள்தான் உங்களுக்குப் பாடப்புத்தகம். ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் புது மாற்றங்கள் மட்டும் இறங்கும். படிப்பது, திருத்துவது, கம்பைல் செய்வது எல்லாம் நெட் இல்லாமலே நடக்கும். பேட்ச் மின்னஞ்சலாகப் போவதால் அனுப்பும் நேரத்துக்கு மட்டும் சிக்னல் இருந்தால் போதும். இதற்காகப் பெங்களூருக்கு ரூம் பார்க்க வேண்டியதில்லை.

சரி, ஸ்டைல். டர்போ சி லேபில் பழகிய கைக்கு முதல் சில நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். உள்தள்ளலுக்கு ஸ்பேஸ் கிடையாது, டேப்; அதுவும் 8 எழுத்து அகலம். மூன்று அடுக்குக்கு மேல் உள்ளே போனால் ஃபங்ஷனையே பிரித்து எழுதச் சொல்கிறது விதி. அகலமான டேப் அந்தச் சிக்கலை முதலிலேயே கண்ணில் காட்டிவிடும். வரி 80 எழுத்துக்குள் இருப்பது நல்லது. 2020-இல், பேட்சின் ஸ்டைலைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் எச்சரிக்கும் எல்லையை 100 ஆக்கினார்கள், ஆனாலும் ஆவணம் விரும்புவது 80தான். பயனருக்குத் தெரியும் பிழைச் செய்தியை மட்டும் எவ்வளவு நீளமானாலும் உடைக்கக் கூடாது. உடைத்தால் கிரெப் என்ற தேடல் கருவியில் தேடுகிறவருக்கு அது கிடைக்காது.

நான் நிறுத்தி நிதானமாகப் படிக்கச் சொல்வது, வேறு வரிக்குத் தாவச் சொல்லும் கோ-டூ பற்றிய பகுதியை. நம் வகுப்பில் அது தீண்டக்கூடாத சொல். கெர்னலில் அதுவே ஒழுங்கு. ஒரு ஃபங்ஷன் நினைவகம் வாங்குகிறது, பிறகு இன்டரப்ட் (சாதனம் கவனம் கேட்டு அனுப்பும் சமிக்ஞை) பதிவு செய்கிறது, பிறகு சாதனத்தைப் பதிகிறது என்று வையுங்கள். மூன்றாவது தோற்றால் இன்டரப்ட்டை விட்டு, அதன்பின் நினைவகத்தை விட வேண்டும். வாங்கிய வரிசைக்கு நேர்த்தலைகீழ். இதை ஒவ்வொரு இஃப்புக்குள்ளும் எழுதினால் என்றோ ஒருநாள் ஒன்று விட்டுப்போகும். அதனால் ஃபங்ஷனின் கடைசியில் லேபிள்களை (தாவ வேண்டிய இடங்களின் பெயர்கள்) அடுக்கி, தோற்ற இடத்துக்கேற்ப அங்கே தாவுகிறார்கள். லேபிளுக்கு எர்1, எர்2 என்று எண் போடாமல், எதை விடுவிக்கிறதோ அதன் பெயரை வையுங்கள். எல்லாத் தோல்விக்கும் ஒரே லேபிள் வைத்தால், இன்னும் வாங்காத ஒன்றின் உள்ளே கைவிட்டு, எதையும் சுட்டாத நல் பாயின்டரில் விழும் வழுவுக்கு வழி. ஏதாவது ஒரு டிரைவரில், சாதனத்தைத் தயார்செய்யும் ப்ரோப் ஃபங்ஷனை எடுத்து, எந்த வரி தோற்றால் எந்த லேபிள் என்று பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். வேறு எந்தப் பயிற்சியும் இவ்வளவு கற்றுத் தராது.

செக்பேட்ச் ஸ்கிரிப்ட் ஹால்டிக்கெட் மாதிரி: உள்ளே விடும், மார்க் போடாது. விதியை மீறியபடியே கோட் நன்றாக இருந்தால் அப்படியே விடலாம் என்று ஆவணமே சொல்கிறது. அடுத்தவர் டிரைவரில் இடைவெளி சரிசெய்யும் பேட்ச்களை அனுப்பிக் குவிக்காதீர்கள். அந்தப் பயிற்சிக்கு டிரைவர்ஸ் ஃபோல்டரில் ஸ்டேஜிங் என்று தனி இடமே இருக்கிறது.

மார்க் இருப்பது கமிட் செய்தியில். என்ன மாற்றினேன் என்பது, பழைய வரியையும் புது வரியையும் காட்டும் டிஃப்பிலேயே தெரியும். ஏன் மாற்றினேன் என்பதை எழுதுங்கள். என்ன கோளாறு, யாருக்கு எப்போது தெரியும், இந்த மாற்றம் எப்படிச் சரிசெய்கிறது. தலைப்பு 'திருத்து' என்று ஏவலாக இருக்கட்டும். அதன் முன்னொட்டு அந்த ஃபைலின் பழைய கமிட்டுகளில் எப்படி இருக்கிறதோ அப்படியே. பழைய கமிட் ஒன்றின் வழுவைத் திருத்தினால், ஃபிக்ஸஸ் வரியில் அதன் அடையாளத்தின் முதல் 12 எழுத்துகளாவது வேண்டும்.

நம்மவர்களுக்கு மட்டும் ஒன்று: இனிஷியல். பேட்சுக்குப் பொறுப்பேற்றுப் பெயர் போடும் சைன்ட்-ஆஃப்-பை வரியிலும் அனுப்புநர் பெயரிலும் வேறுவேறு வடிவம் இருந்தால் செக்பேட்ச் கேட்கும். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்று ஒருமுறை முடிவுசெய்து கிட் அமைப்பில் போட்டுவிடுங்கள்.

ஜிமெயில் பக்கத்தில் ஒட்டி அனுப்பினால் டேப்பெல்லாம் ஸ்பேஸாகிவிடும். கிட் சென்ட்-இமெயில்தான் வழி. முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்த மடலை, மடலிலிருந்து பேட்சைச் சேர்க்கும் கிட் ஏஎம் கட்டளை ஏற்கிறதா என்று பாருங்கள். யாருக்கு அனுப்புவது என்பதைக் கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும். குறை சொல்லிப் பதில் வந்தால் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிவிட்டு, இரண்டாம் பதிப்பில் என்ன மாறியது என்பதை கமிட் செய்திக்கு அடுத்து வரும் மூன்று கோட்டுக்குக் (---) கீழே போடுங்கள். பதிலே வராவிட்டால் ஒரு வாரமாவது பொறுங்கள். ஒரு வெளியீடு வந்த உடனே, அடுத்த வெளியீட்டுக்கான மாற்றங்களைச் சேர்க்கும் மெர்ஜ் விண்டோ திறந்திருக்கும் இரண்டு வாரத்தில் பராமரிப்பாளர்கள் பலர் புதுப் பேட்சைத் தொடவே மாட்டார்கள். அந்த நேரத்தில் நினைவூட்டல் அனுப்ப வேண்டாம்.