எம்எஸ்ஸோட ஸ்கூபா

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸை (சுருக்கமா எம்எஸ், மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கற நோய்) வெச்சுக்கிட்டு புதுச்சேரியில ஸ்கூபாவா (சிலிண்டர் மாட்டி கடலுக்குள்ள மூழ்கறது), டாக்டர் விட்டாரான்னு ஓசூர் நண்பர்கள் கேட்கறாங்க. விட்டார். ஆனா அதுக்கு முன்னாடி கைகால் பலம், தொடு உணர்ச்சி, நடை எல்லாம் பார்த்து எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் எனக்கு உயிர் மாதிரி.

ஏன்னா, ஆழத்துல உடம்புல கரையற நைட்ரஜன், நாம வேகமா மேலே வந்தா குமிழியாகி தண்டுவடத்தைத் தாக்கலாம். மரத்துப்போகும், கால் தளரும். எம்எஸ்ஸும் இப்படித்தான் காட்டும். "பழைய நோய்தானே"ன்னு படுத்துட்டா ஆக்சிஜனும் அழுத்த அறை சிகிச்சையும் தள்ளிப்போயிடும். முன்னாடி எழுதின தாள் இருந்தா எது புதுசுன்னு உடனே தெரியும்.

களைப்பா இருந்தா அன்னிக்கு இறங்கவே மாட்டேன்.

நம்ம ஊர்க்காரங்க கவனிங்க: ஓசூர் சுமார் 880 மீட்டர் உயரம். மேடேறினா காற்றழுத்தம் குறையும், குமிழி பெருசாகும். டைவ் முடிச்ச கையோட கார் ஏறாதீங்க. டைவுக்கு அப்புறம் விமானம் ஏறக் காத்திருக்கச் சொல்ற கணக்கையே நான் வெச்சுக்கறேன்: ஒரு டைவுக்கு குறைஞ்சது 12 மணி நேரம், பலமுறைன்னா 18.

வலிப்பு இருக்கறவங்களுக்கு நான் சொன்னது பொருந்தாது. தண்ணிக்குள்ள வலிப்பு வந்தா வாயில இருந்து ரெகுலேட்டர் (மூச்சு விடற கருவி) கழன்றுடும். தயவுசெய்து அவங்களை யாரும் வற்புறுத்தாதீங்க.